உருகிய ஐஸ்கிரீம் மறுபடி உறைந்தால் பழையபடி வருமா?

சென்ற ஜூன் விடுமுறையில், உயர்நிலை 2இல் படிக்கும் என் அக்கா மகளை அழைத்துக்கொண்டு டெம்ப்சி ஹில் பகுதியில், லோவன் சாலையிலுள்ள ஐஸ்கிரீம் அரும்பொருளகத்துக்குப் போயிருந்தேன். உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். 2016இல் நியூயார்க்கில் தற்காலிகக் காட்சியாகத் தொடங்கிய இது, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் கிளையைத் திறந்தது சிங்கப்பூரில்தான். அது 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்.

உள்ளே எங்கு திரும்பினாலும் இளஞ்சிவப்பு. நம் தோ பாயோ டிராகன் விளையாட்டுத் திடலை நினைவூட்டும் ஓர் இளஞ்சிவப்பு டிராகன். ஐஸ்கிரீம்மேல் தூவுகிற வண்ண மிட்டாய்த் துணுக்குகளைப் போன்ற பிளாஸ்டிக் துணுக்குகள் நிரம்பிய ஒரு குளம். ஆங்காங்கே சாப்பிட ஐஸ்கிரீம். இது விளையாடுவதற்கான இடம். பாடம் நடத்துவது அதன் வேலையன்று. ஆனால், அன்று எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அது சுவரில் எழுதியிருக்கவில்லை, அவள் கையிலிருந்த கப்பில் இருந்தது.

படம் எடுக்கும் மும்முரத்தில் அவள் ஐஸ்கிரீமை மறந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அது பாதி கஞ்சியாகியிருந்தது.

“சித்தி, இதை வீட்டுக்குக் கொண்டுபோயி ஃபிரீசர்ல வெச்சா பழையபடி வந்துடுமா?”

“நீ என்ன நினைக்கிற?”

“வராது. ஆனா பரீட்சையில வரும்னுதான் எழுதணும்.”

எனக்குச் சுருக்கென்றது. விவரம் கேட்டேன். வகுப்புத் தேர்வில், ஐஸ்கிரீம் உருகுவது எவ்வகை மாற்றம், காரணம் தருக என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. “உருகிய ஐஸ்கிரீமை உறைய வைத்தாலும் பழையபடி வராது. ஆகவே அது மீளாத மாற்றம்” என்று இவள் எழுதியிருக்கிறாள். சிவப்புக் கோடு. “மறுபடி உறைய வைக்கலாம் என்பதால் இது இயற்பியல் மாற்றம்” என்பதுதான் ஏற்கப்பட்ட விடை.

“நம்ம வீட்லயே ஒரு தடவை ஐஸ்கிரீம் டப்பாவ ராத்திரி முழுக்க மேசையில மறந்து வெச்சுட்டோம். திரும்ப ஃபிரீசர்ல வெச்சுப் பார்த்தப்போ மணல் மாதிரி நறநறன்னு ஆயிடுச்சு. நான் கண்ணால பார்த்ததத்தான் எழுதினேன். பார்த்தது முக்கியமில்ல, புத்தகத்துல உள்ளதுதான் முக்கியம்னா எனக்கு அறிவியல் வேணாம் சித்தி.”

ஆண்டிறுதியில் அவள் உயர்நிலை 3க்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதே சிவப்புக் கோட்டைத்தான் போட்டிருப்பேன். அதனால் அவளுக்கு ஒரு முழுமையான பதில் தரவேண்டிய கடமை எனக்கு இருந்தது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கப்பில் நான்கு பொருள்கள்

தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி. ஆனால் பால், சர்க்கரை, பாலாடைக் கொழுப்பு ஆகியவற்றைக் கலந்து அப்படியே உறைய வைத்தால் ஐஸ்கிரீம் கிடைக்காது. கல் போன்ற ஒரு கட்டிதான் கிடைக்கும். அப்படியானால் ஐஸ்கிரீம் என்பது என்ன?

ஒரு கரண்டி ஐஸ்கிரீமை நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் நான்கு பொருள்கள் தெரியும்.

முதலாவது, பனிப்படிகங்கள். இவை தூய நீர் உறைந்து உண்டான சின்னஞ்சிறு திண்மத் துகள்கள். நல்ல ஐஸ்கிரீமில் இவை பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவ்வளவு சிறியவற்றை நம் நாக்கால் தனித்தனியாக உணர முடியாது. அதனால்தான் ஐஸ்கிரீம் வழுவழுப்பாக இருப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, காற்றுக் குமிழிகள்.

மூன்றாவது, பால் கொழுப்புத் துளிகள். இவை ஒன்றோடொன்று ஓரளவு ஒட்டிக்கொண்டு, காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவர்போல நின்று அவை உடையாமல் காக்கின்றன.

நான்காவது, உறையாத சர்க்கரைக் கரைசல். மற்ற மூன்றையும் தன்னுள் தாங்கி நிற்பது இதுதான்.

திண்மம், நீர்மம், வாயு ஆகிய மூன்று நிலைகளும் ஒரே கரண்டியில் இருக்கின்றன. ஆகவே, ஐஸ்கிரீம் என்பது தனி ஒரு பொருளன்று. அது ஓர் அமைப்பு. செங்கல், மணல், சிமெண்டைக் குவித்து வைத்தால் வீடாகிவிடுமா? அவற்றை அடுக்கிய விதத்தில்தான் வீடு இருக்கிறது. ஐஸ்கிரீமும் அப்படித்தான்.

காற்றுக்கும் காசு

கடையில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தால் அதில் லிட்டர் கணக்கு பெரிதாக இருக்கும். பல டப்பாக்களில் எடையும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

1 லிட்டர் ஐஸ்கிரீம் 550 கிராம் எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறைவதற்கு முன்பிருந்த பால் கலவையின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிராம். 550ஐ 1.1ஆல் வகுத்தால் 500 மில்லிலிட்டர். அப்படியென்றால் டப்பாவில் மீதமுள்ள 500 மில்லிலிட்டர் என்ன? காற்று!

இப்படிச் சேரும் காற்றின் அளவை ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்கள் ‘ஓவர்ரன்’ என்று சதவீதத்தில் சொல்வார்கள். மேலே கண்ட கணக்கில் அது 100 விழுக்காடு. விலை உயர்ந்த ஐஸ்கிரீம்களில் இது பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதனால்தான் சிறிய டப்பாவும் கையில் கனக்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். காற்று இல்லாவிட்டால் கரண்டி இறங்காது, பல் கூசும். காற்றும் இங்கே ஒரு சேர்மானப் பொருள்தான்.

முழுவதும் உறையாத ரகசியம்

தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். அதில் எதையாவது கரைத்தால் உறைநிலை கீழே இறங்கும். கரைந்த துகள்கள் இடையில் புகுந்துகொள்வதால், நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாவது கடினமாகிறது. சர்க்கரை கரைந்த ஐஸ்கிரீம் கலவை ஏறத்தாழ -2 முதல் -3 டிகிரியில்தான் உறையத் தொடங்கும்.

சுவையான பகுதி இனிமேல்தான். உறைவது நீர் மட்டுமே. சர்க்கரை கரைசலிலேயே தங்கிவிடுகிறது. நீர் குறையக் குறைய, மீதமுள்ள கரைசல் மேலும் மேலும் அடர்ந்த பாகாகிறது. பாகு அடர்த்தியானால் அதன் உறைநிலை இன்னும் கீழே போகும். வீட்டு ஃபிரீசரின் -18 டிகிரியில்கூட ஐஸ்கிரீமில் உள்ள நீரில் ஏறத்தாழ கால் பங்கு உறையாமல் பாகாகவே இருக்கும். ஃபிரீசரிலிருந்து எடுத்த சற்று நேரத்தில் கரண்டி இறங்குவது அந்தக் கால் பங்கின் தயவால்தான்.

இதே தத்துவத்தை வைத்துத்தான் மின்சார ஃபிரீசர் இல்லாத காலத்திலும் ஐஸ்கிரீம் செய்தார்கள். பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் அதன் உருகுநிலை இறங்குகிறது. உடனே பனிக்கட்டி உருகத் தொடங்குகிறது. 1 கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து அது பறித்துக்கொள்வதால் கலவை மேலும் குளிர்கிறது. சரியான விகிதத்தில் உப்பைச் சேர்த்தால் -21 டிகிரி வரை இறக்கலாம். 1843இல் அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி, கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெளி வாளியில் உப்பும் பனிக்கட்டியும். உள் பாத்திரத்தில் பால் கலவையும் அதைக் கலக்கும் துடுப்பும்.

பனிக்கட்டிக்கு அக்காலத்தில் நம் ஊர் என்ன செய்தது தெரியுமா? வாம்போவா என்று அறியப்பட்ட வணிகர் ஹூ ஆ கே, 1854இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கை அமைத்தார். பனிக்கட்டி அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது! இவ்வளவு தூரம் கடந்தும் முழுவதும் உருகிப்போகாததற்குக் காரணம், வெப்பத்தைத் தடுக்கும் மரத்தூளும் அந்த 334 ஜூலும்தான்.

உருகும்போது உடைவது எது?

இப்போது அக்கா மகளின் கப்புக்கு வருவோம். அங்கே இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன.

பனிப்படிகங்கள் உருகி நீராயின. இது நமக்குத் தெரிந்ததே. அதோடு, குமிழிகளைத் தாங்கி நின்ற சுவர்கள் தளர்ந்தன. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே வந்து உடைந்தன. காற்று வெளியேறிவிட்டது.

அதை மறுபடி ஃபிரீசரில் வைத்தால் நீர் உறையும், சந்தேகமில்லை. ஆனால், போன காற்று தானாகத் திரும்ப வராது. படிகங்களும் பழையபடி உருவாகா. ஐஸ்கிரீம் இயந்திரத்தில் கலவை வேகமாகக் குளிர்ந்து உறைகிறது; சுவரில் உறையும் பனியைக் கத்தி சுரண்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் கணக்கற்ற சிறு படிகங்கள் உண்டாகின்றன. வீட்டு ஃபிரீசரில் யாரும் கலக்குவதில்லை. உறைவதும் மெதுவாக நடக்கிறது. அப்போது உருவாகும் படிகங்கள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. நாக்கு அவற்றைக் கண்டுபிடித்துவிடும். அவள் சொன்ன ‘மணல்’ அதுதான்.

முழுவதும் உருகத்தான் வேண்டும் என்பதில்லை. ஃபிரீசர் கதவை அடிக்கடி திறந்து மூடினாலும் வெப்பநிலை ஏறி இறங்கும். ஏறும்போது சிறிய படிகங்கள் முதலில் உருகும். இறங்கும்போது அந்த நீர், எஞ்சியுள்ள பெரிய படிகங்கள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். சிறியது மறையும், பெரியது வளரும். பல வாரம் கிடந்த ஐஸ்கிரீம் நறநறப்பதன் காரணம் இதுவே.

யாருக்கு மதிப்பெண்?

ஐஸ்கிரீம் உருகியபோது புதிய பொருள் ஏதும் உண்டாகவில்லை. நீர் நீராகவும் சர்க்கரை சர்க்கரையாகவும் கொழுப்பு கொழுப்பாகவும் இருக்கின்றன. ஆகவே அது இயற்பியல் மாற்றம். அந்த விடை சரி.

ஆனால், “மறுபடி உறைய வைக்கலாம்” என்ற காரணம் அரைகுறையானது. உறைய வைக்கலாம், ஐஸ்கிரீம் கிடைக்காது. பொருள் அதேதான், அமைப்பு போய்விட்டது. கீழே விழுந்து நொறுங்கிய கண்ணாடிக் குவளையிலும் புதிய பொருள் இல்லை. அதுவும் இயற்பியல் மாற்றம்தான். ஆனாலும் குவளை தானாகத் திரும்பி வருவதில்லை. எனவே, ஒரு மாற்றம் இயற்பியல் மாற்றமா என்று அறிய “திரும்ப வருமா?” என்று கேட்பதைவிட “புதிய பொருள் உண்டானதா?” என்று கேட்பதே சரியான வழி.

அக்கா மகள் பார்த்தது முற்றிலும் உண்மை. அதிலிருந்து அவள் எடுத்த முடிவில்தான் ஒரு படி விடுபட்டது. “பழையபடி வராது” என்றதோடு, “ஆனாலும் புதிய பொருள் உண்டாகவில்லை” என்று சேர்த்திருந்தால் அது வகுப்பிலேயே சிறந்த விடையாக இருந்திருக்கும். இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: “அப்படின்னா அளந்து காட்ட முடியுமா சித்தி?”

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே வகை ஐஸ்கிரீம் நிறைந்த, நேர்ச் சுவருடைய ஒரே அளவிலான இரண்டு கப்புகள், அவற்றுக்கு மூடிகள், சமையலறைத் தராசு, அளவுகோல்.

1. இரண்டு கப்புகளையும் ‘அ’, ‘ஆ’ என்று குறியுங்கள். மூடியோடு எடை பாருங்கள். ஐஸ்கிரீமின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.

2. ‘அ’வை ஃபிரீசரிலேயே விடுங்கள். ‘ஆ’வை மூடியபடியே வெளியே வைத்து முழுவதும் உருகவிடுங்கள்.

3. உருகியதும் ‘ஆ’வை மறுபடி ஃபிரீசரில் வைத்து, மறுநாள் வரை விடுங்கள்.

4. இரண்டையும் எடுத்து, கப்பின் வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு, எடையையும் உயரத்தையும் மறுபடி குறியுங்கள். கரண்டியால் குத்தி, எது எளிதில் இறங்குகிறது என்று பாருங்கள்.

எச்சரிக்கை: ‘ஆ’ கப்பில் உள்ளதைச் சாப்பிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் உருகிய பால் பொருளில் கிருமிகள் பெருகும். உறைய வைப்பதால் அவை எல்லாம் செத்துவிடுவதில்லை.

அக்கா மகளுக்குக் கிடைத்த அளவுகள் இவை. ‘அ’ கப்பில் மாற்றமில்லை. ‘ஆ’ கப்பில், கப்பின் எடையைக் கழித்தால், முதலில் 110 கிராம், இறுதியிலும் 110 கிராம். உயரம் மட்டும் 8 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டராக இறங்கியிருந்தது. 200 மில்லிலிட்டர் 125 ஆகிவிட்டது. அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.55 கிராமிலிருந்து 0.88 கிராமாக ஏறியிருந்தது.

எடை குறையவில்லை, கன அளவு குறைந்தது. வெளியேறிய காற்றின் எடை 0.1 கிராம் அளவே என்பதால் சமையலறைத் தராசுக்கு அது தெரியவில்லை. ‘பொருள் அதே, அமைப்பு வேறு’ என்பதை இரண்டே எண்களில் அவள் காட்டிவிட்டாள்.

பையில் வந்த துணுக்கு

வீட்டுக்கு வந்தபின் அவளுடைய கால்சட்டைப் பையில், குளத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வண்ணத் துணுக்கு இருந்தது. பார்க்க மிட்டாய்த் துணுக்கு மாதிரியே இருக்கும். ஒரு குவளை நீரில் அதையும், இன்னொன்றில் கேக்மேல் தூவும் நிஜத் துணுக்கையும் போட்டோம். நிஜத் துணுக்கின் நிறம் பிரிந்தது, பிறகு அதுவும் கரைந்தது. மற்றது மறுநாளும் அப்படியே இருந்தது.

“ஐஸ்கிரீம்ல பொருள் ஒண்ணு, அமைப்பு வேற. இதுல உருவம் ஒண்ணு, பொருள் வேற” என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தத் துணுக்கைத் தண்ணீரோடு தொட்டியில் ஊற்றப்போனவளை மட்டும் தடுத்தேன். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். பெரிய பிளாஸ்டிக் பொருள்கள் காலப்போக்கில் உடைந்தும் இவை உண்டாகின்றன. கரையாத ஒன்று தண்ணீரோடு போனால் காணாமல் போவதில்லை. வேறோர் இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். துணுக்கை வடிகட்டி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பாடத்தேர்வுப் படிவத்தை அவள் இன்னும் நிரப்பவில்லை. எதை நிரப்புவாள் என்று நானும் கேட்கவில்லை. ஆனால், அந்தத் தேர்வுத்தாளையும் தன் அளவுகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் பேசப்போவதாகச் சொன்னாள். மதிப்பெண் கேட்கவா என்றேன். “இல்ல சித்தி, காட்டத்தான்” என்றாள்.

மாணவர்களே, நீங்கள் கண்டது ஒன்று, புத்தகம் சொல்வது ஒன்று என்று தோன்றினால் இரண்டில் எதையும் அவசரமாகத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கும். அளந்து பாருங்கள், அது அகப்படும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 900 மில்லிலிட்டர் ஐஸ்கிரீம் 495 கிராம் எடை உள்ளது. கலவையின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.1 கிராம். காற்று எத்தனை மில்லிலிட்டர்?

2. இயந்திரத்தில் கடையாமல், அச்சில் ஊற்றி உறைய வைக்கும் ஐஸ் பொத்தோங் கடிக்கக் கெட்டியாக இருப்பது ஏன்?

3. நொறுங்கிய சுண்ணாம்புக்கட்டி, எரிந்த காகிதம், நீரில் கரைந்த உப்பு: இவற்றில் எதில் புதிய பொருள் உண்டானது? எது பழைய நிலைக்கு எளிதில் திரும்பும்?

4. ஐஸ்கிரீம் கப்பின் வெளிப்புறம் வேர்ப்பது போலத் தெரிகிறதே, அந்த நீர் கப்புக்குள்ளிருந்து கசிந்ததா? இல்லை என்று நிரூபிக்க ஒரு சோதனையை வடிவமையுங்கள்.